புள்ளிக்குப் பின்னால் வால்

"பதினாலாயிரத்து எட்நூத்தி இருவது!"

எடைமேடையின் ஓரத்தில் நின்று அஜித்குமார் கத்தினான். அவன் தலைக்கு மேலே சுவரில் பொருத்தியிருந்த பெட்டியில் அந்த எண் சிவப்பாக எரிந்தது. பின்பக்கக் கொட்டகையில் அரவை மிஷின் ஓடும்போது, ஜவ்வரிசி செய்யும் அந்தச் சேகோ மில்லில் யாரும் சாதாரணக் குரலில் பேசுவதில்லை. கல்யாணப் பேச்சாக இருந்தாலும் கத்தித்தான் பேசியாக வேண்டும்.

சன்னலுக்கு உட்புறம் உட்கார்ந்திருந்த தமிழ்மொழி, கேட்ட எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினாள். மேசைமேல் இருந்த கறுப்பு ஸ்பீக்கர், "பதினான்காயிரத்து எண்ணூற்று இருபது" என்று செய்தி வாசிக்கிறவர் மாதிரி திருத்தமாகத் திருப்பிச் சொன்னது.

"அதேதான்!" என்றான் அஜித்குமார் வெளியிலிருந்து.

மேடையில் நின்ற லாரி வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்தது. மலைப்பாதையின் வளைவுகளில் குலுங்கிக் குலுங்கிக் கிழங்கெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கிழங்குக்காரர் சடையன் லாரியின் பின்சக்கரத்தருகே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். பத்து மாதம் மண்ணுக்குள் கிடந்த மரவள்ளி. இன்றைக்கு அதற்கு என்ன பாயிண்ட் வருகிறதோ, அதுதான் அவருக்கு இந்த வருஷம்.

பாயிண்ட் என்பது கிழங்கில் இருக்கும் மாவின் அளவு. லாரியின் மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்திலிருந்து கிழங்கு எடுத்து, ஒவ்வொன்றையும் கம்பிக் கூடையில் போட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் தொங்கவிடுவார்கள். மாவு அதிகமுள்ள கிழங்கு தண்ணீருக்குள்ளும் கனக்கும். தராசின் முள் அதற்கேற்ற பாயிண்டைக் காட்டும். பாயிண்ட் ஏற ஏறக் கிழங்குக்கு மதிப்பு.

"இருவத்தேழு!" என்றான் அஜித்குமார் தொட்டிக்குள் குனிந்தபடி. பிறகு, "இருவத்தெட்டு!" பிறகு இன்னொரு தடவை, "இருவத்தெட்டு!"

மூன்றையும் தமிழ்மொழி வாங்கிக்கொண்டாள். அவளுக்கு இரண்டு கண்ணும் பிறவியிலிருந்தே தெரியாது. கம்ப்யூட்டரின் திரை அணைந்தே கிடக்கும். புதிதாக வருகிறவர்கள், கரண்ட் இல்லாத கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண் ஏன் இவ்வளவு வேகமாகத் தட்டிக்கொண்டிருக்கிறாள் என்று திகைத்துப் போவார்கள்.

அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எழுதுவதற்கு நோட்பேட். அது வெறும் சிலேட்டுப் பலகை, கூட்டல்கூடத் தெரியாது. கணக்குக்குத் தனியாகக் கால்குலேட்டர். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் இதிலிருந்து அதற்கும், அதிலிருந்து இதற்கும் போய்விடலாம். நோட்பேடில் எண்ணை எழுதுவாள். கால்குலேட்டருக்குப் போய் அதைப் போடுவாள். விடையை நகல் எடுத்துக்கொண்டு வந்து நோட்பேடில் ஒட்டுவாள். இடது கை இடம் மாற்ற, வலது கை எண் தட்ட, ஸ்பீக்கர் ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே வரும். கடைசியில் ஒரு தடவை கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பார்ப்பாள். நிகர எடையோடு காலி லாரியின் எடையைக் கூட்டினால் முதலில் சொன்ன எடை வர வேண்டும். வந்தால்தான் சீட்டு அச்சாகும்.

"விடையத்தான் கேட்டுட்டியே, அப்பிடியே டைப் பண்ணேன். எதுக்கு நகலு, ஒட்டுறதுன்னு சுத்தற?" என்று ஒருநாள் அஜித்குமார் கேட்டான்.

"மனசுல வச்சிக்கினு வந்தா வழியில சிந்திடும்ணா," என்றாள் தமிழ்மொழி.

இந்த ஏற்பாட்டை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மில்லில் முன்பே ஒரு பில் போடும் மென்பொருள் இருந்தது. ஆனால் திரையில் இருப்பதைக் குரலாகச் சொல்லும் அவளுடைய பேசும் மென்பொருளுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. எந்தக் கட்டத்துக்குப் போனாலும் "பொத்தான்" என்றது. அடுத்ததற்குப் போனாலும் "பொத்தான்" என்றது. எடை எழுதும் இடமும் பொத்தான், அழிக்கும் இடமும் பொத்தான். முதல் நாள் முழுக்க அந்தப் பொத்தான்களோடு மல்லுக்கட்டிவிட்டு, மறுநாள் காலையில் மேலாளர் ராஜாங்கத்திடம் போய், "சார், எனக்கு நோட்பேடும் கால்குலேட்டரும் போதும் சார். ரெண்டும் பேசும். ரெண்டும் எல்லாக் கம்ப்யூட்டர்லயும் இருக்கு," என்றாள்.

ராஜாங்கம் நம்பவில்லை. அவளை வேலைக்கு வைத்ததே வேறு வழியில்லாமல்தான். பில் போட்டுக்கொண்டிருந்தவன் சீசன் தொடங்கும் நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் திருப்பூருக்குப் போய்விட்டான். தோல் சீவும் கொட்டகையில் வேலை செய்த இருசம்மாள், கையில் கத்தியோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்று, "எம் பொண்ணு டிகிரி முடிச்சிட்டு நாலு வருசமா வூட்ல குந்திக்கினு இருக்குதுங்க. கம்ப்யூட்டருலாம் நல்லா போடும்ங்க," என்றாள். கண் விஷயத்தை அப்போது சொல்லவில்லை. மகள் வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது.

ஒரு வாரம் பார்ப்போம் என்றார் ராஜாங்கம். அந்த வாரத்தில் ஒரு சீட்டுகூடத் தப்பாகவில்லை. ராஜாங்கம் தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி போட்டுப் பார்த்தார். இரண்டு இடத்தில் அவருடைய கூட்டல்தான் தப்பு. அதற்கப்புறம் அவர் போட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

ஸ்பீக்கருக்குப் பதிலாகக் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டால் என்ன என்று எல்லோரும் கேட்டார்கள். மாட்டிக்கொண்டால் அஜித்குமார் கத்துவது கேட்காது. அவளுக்குக் காது இரண்டும் வெளியே வேண்டும். அரவை மிஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதால் ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்திருந்தாள். இதில் வேறு நோக்கம் எதுவும் அவளுக்கு இல்லை. ஆனால் அந்தச் சத்தம் சன்னல் வழியாக மில் வாசல் முழுக்கக் கேட்டது. வரிசையில் நின்ற லாரிக்காரர்களும் கிழங்குக்காரர்களும் அந்தக் குரலுக்கு மிஷினக்கா என்று பெயர் வைத்தார்கள்.

அன்றைக்குச் சடையன் கிழங்கின் மூன்று பாயிண்டையும் கூட்டி, மூன்றால் வகுத்து, சமக்குறியை அழுத்திவிட்டுத் தமிழ்மொழி டீ கிளாஸை எடுத்தாள். வழக்கமாக ஒரு விசையைத் தட்டி மிஷினக்காவின் வாயை உடனே மூடிவிடுவாள். அன்றைக்குக் கை சும்மா இல்லை, டீயும் சூடு.

"இருபத்தேழு புள்ளி ஆறு ஆறு ஆறு ஆறு ஆறு ஆறு..." என்று மிஷினக்கா சொல்லிக்கொண்டே போனது.

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். யாரோ, "இன்னாடா இது, கூட்ஸ் வண்டி மாதிரி நீளமா போய்க்கினே கீது," என்றார்கள். சடையன் மட்டும் சிரிக்கவில்லை. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார்.

"பாப்பா, அது இன்னா ஆறு?"

"மூணையும் கூட்டி மூணால வகுத்தா இருவத்தேழுக்கு மேல கொஞ்சம் வருதுங்க. முக்காலுக்குக் கிட்ட."

"சீட்டுல எவ்ளோ போடுவ?"

தமிழ்மொழி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "இருவத்தேழு."

"அப்ப அந்த ஆறு ஆறுலாம் எங்க போவுது?"

புள்ளிக்குப் பின்னால் வருவதை விட்டுவிட வேண்டும் என்று முதல் நாளே ராஜாங்கம் சொல்லியிருந்தார். அவளும் அப்படியே போட்டுக்கொண்டிருந்தாள். சடையன் கேட்டது ராஜாங்கத்துக்கும் கேட்டது. உள்ளறையிலிருந்து எழுந்து வந்தார்.

"அது ஒண்ணும் இல்லப்பா. மிஷினோட வாலு. கணக்குல எடுத்துக்க மாட்டாங்க."

"வாலா?" என்றார் சடையன். "இத்தினி வருசமா ஒவ்வொரு லோடுக்கும் இந்த வாலு இருந்துதுங்களா?"

ராஜாங்கம் அழைப்பு வந்தது மாதிரி ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மலையிலிருந்து வருகிறவர்கள் பேச்சை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள் என்று சொல்லவா வேண்டும்? கச்சிராயபாளையம் டீக்கடையில் விட்டால் போதும், அது தானாக வெள்ளிமலை ஏறிவிடும். அந்த வாரக் கடைசிக்குள் மில்லுக்கு வந்த ஒவ்வொருவரும் சன்னலில் தலையை நீட்டி, "எங்க வாலு எவ்ளோ பாப்பா?" என்று கேட்டார்கள். சிலருக்கு வாலே இல்லை, சரியாக வகுபட்டுவிட்டது. அவர்கள் ஏதோ ஏமாந்துபோனது மாதிரி திரும்பிப் போனார்கள்.

விஷயம் முதலாளி வெங்கடேசன் காதுக்குப் போனது. அவர் ஆள் விவரமானவர். சுற்று வட்டாரத்தில் வேறு மில்கள் இருக்கின்றன, மலைக் கிழங்கு யாருக்கு வேண்டுமானாலும் போகலாம். ஆபீஸுக்கு வந்து, "வாலையும் சேத்துப் போடும்மா. புள்ளிக்கு அப்பால ஒரு எண்ணு வரைக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் அந்த மில் வாசலில் லாரிகள் ரோடு வரைக்கும் நின்றன. வேறு மில் பக்கத்திலேயே இருந்தாலும், டீசல் கூடச் செலவானாலும் பரவாயில்லை என்று இங்கே வந்தார்கள். லாரியை மேடையில் ஏற்றிவிட்டுச் சன்னலோரம் வந்து நின்று மிஷினக்கா சொல்வதைக் கோயிலில் மணியடிக்கும்போது நிற்பது மாதிரி நின்று கேட்டார்கள். பாயிண்ட் பிடிக்காவிட்டால் கிழங்கை இறக்காமலே திரும்பிப் போகலாம், அது பழைய வழக்கம். ஆனால் திரும்பிப் போனவர் ஒருவரும் இல்லை. தன் கண் முன்னால், தன் காது கேட்க வந்த எண்ணோடு யாரும் சண்டை போடுவதில்லை. குறைவாக வந்தால் தன் மண்ணைத்தான் நொந்துகொள்வார்கள்.

தோல் சீவும் கொட்டகையில் இருசம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. மிஷினக்காவின் குரல் அங்கேயும் லேசாகக் கேட்கும். "அது எம் பொண்ணு போடுற கணக்கு," என்று பக்கத்தில் உட்கார்ந்து சீவுகிற ஒவ்வொருத்தியிடமும் சொல்வாள். தெரிந்தவளிடமே மறுபடியும் சொல்வாள்.

மாசி பாதியில் கிழங்கு குவிந்துவிட்டது. வாசலில் கொட்டிய குவியல் ஆள் உயரம் தாண்டிப் போயிற்று. ஜவ்வரிசி விலை இறங்குகிறது என்று சேலத்திலிருந்து சேதி வந்தது. ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் மிஷின் நின்றிருந்தபோது, ராஜாங்கம் தமிழ்மொழியின் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தமிழு, நாளையிலேர்ந்து எல்லா லோடுலயும் அரைப் பாயிண்ட் கம்மி பண்ணிடும்மா."

"எதுக்கு சார்?"

"ஈரக் கழிவு. கிழங்கு ஈரமா இருக்குன்னு கழிக்கறது."

மழை பெய்து இரண்டு மாதம் ஆகிறது. தமிழ்மொழி அதைச் சொல்லவில்லை. விரலால் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"போடுறேன் சார். ஆனா அது சொல்லிடும்."

"எது?"

"ஸ்பீக்கர் சார். நான் இன்னா போட்டாலும் சொல்லிடும். கூட்டுனா கூட்டல்னு சொல்லும். கழிச்சா கழித்தல்னு சொல்லும்."

ராஜாங்கம் ஸ்பீக்கரைப் பார்த்தார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. அவளுக்கு ஒரு மாதச் சம்பளத்தை முன்கூட்டியே கொடுத்து, அவள் வீட்டுக் கூரைக்குத் தகரம் போட உதவியவர் அவர்தான். முதலாளி சொன்னதைச் சொல்ல வந்திருந்தார், அவ்வளவுதான்.

"சத்தத்த கம்மி பண்ணிக்கோ. உனக்கு மட்டும் கேட்டாப் போதும்ல?"

"மிஷினு ஓடுறப்ப எனக்கே கேக்காது சார்."

"காதைக் கிட்ட வச்சிக்கோம்மா." எழுந்தார். போகும்போது திரும்பாமலே சொன்னார், "பாத்துச் செய். இந்த வேல உனக்கு நல்லாத்தான இருக்கு."

சாயங்காலம் நைனார்பாளையம் போகும் பஸ்ஸில் தாயும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இருசம்மாளின் விரல்களில் கிழங்குப் பால் காய்ந்து தோல் உரிந்திருந்தது. மகள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"சொன்னபடி செஞ்சிட்டுப் போயேன்டி. நீயா திருடற? அவுங்க சொல்றாங்க, நீ போடுற. அவ்ளோதான?"

"போடுறேன்னுதாம்மா சொன்னன்."

"அப்பறம் இன்னா?"

"சத்தமில்லாம போடத் தெரிலமா எனக்கு. காதால கேட்டாத்தான் நான் போட்டது சரின்னு எனக்கே தெரியும். அத்த நிறுத்திட்டு எத்த வச்சிக்கினு வேல செய்யறது?"

"வேல பூடுச்சின்னா?" இருசம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "மறுபடியும் வூட்ல குந்திக்கினு, நான் எப்ப வருவன்னு கதவாண்ட காது வச்சிக்கினு இருப்ப. அத்தப் பாத்துக்கினு நான் எப்பிடிடி இருப்பன்?"

தமிழ்மொழி அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நாலு வருஷமாக அவளுக்கு அந்த வீட்டின் ஒவ்வொரு சத்தமும் மனப்பாடம். பாத்திரக்காரர் குரல், பக்கத்து வீட்டு மிக்ஸி, மத்தியானம் ஒரு மணிக்குப் போகும் டவுன் பஸ்.

மறுநாள் காலையில் ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்துவைத்தாள். ஸ்பீக்கரை மடிப்பக்கமாக இழுத்து, அதன்மேல் கவிழ்ந்தபடி உட்கார்ந்தாள். முதலில் வந்தது சடையனின் இரண்டாவது லோடு. வேறு கொல்லைக் கிழங்கு, முன்னதைவிட நல்ல விளைச்சல். அஜித்குமார் எடையைக் கத்தினான். அவள் தட்டினாள். மிஷினக்கா ஏதோ முணுமுணுத்தது.

"சொல்லுச்சா?" என்றான் அஜித்குமார்.

"இரு, கேக்கறேன்."

மறுபடியும் கேட்டாள். அரவை மிஷின் இரைந்தது. எண்ணைச் சரியாகத் தட்டினோமா என்று அவளுக்கே நிச்சயமில்லை. அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகச் சன்னல் பக்கம் வந்து காதை நீட்டினார்கள்.

"மிஷினக்காவுக்கு தொண்ட கட்டிக்கிச்சா பாப்பா?" என்றார் சடையன். எல்லோரும் சிரித்தார்கள். "கொஞ்சம் மிளகு ரசம் வச்சிக் குடு."

தமிழ்மொழியும் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஸ்பீக்கரை எடுத்து மேசைமேல் பழைய இடத்தில் வைத்தாள். சத்தத்தை முழுசாகத் திருகினாள்.

"அண்ணா, பாயிண்ட் சொல்லுங்க."

"இருவத்தொம்பது! இருவத்தெட்டு! இருவத்தொம்பது!"

கூட்டினாள், வகுத்தாள். மிஷினக்கா கணீரென்று, "இருபத்தெட்டு புள்ளி ஆறு ஆறு ஆறு" என்று தொடங்கியது. சடையன் முகம் மலர்ந்தது. தமிழ்மொழியின் கை அதோடு நிற்கவில்லை. மேலாளர் கழிக்கச் சொன்னதை அவள் மறக்கவும் இல்லை, மீறவும் இல்லை. வரிசை தப்பாமல், ஒவ்வொரு விசையாக, யாருக்கும் புரியும் வேகத்தில் தட்டினாள்.

"கழித்தல்," என்றது மிஷினக்கா. "பூஜ்யம் புள்ளி ஐந்து. சமம். இருபத்தெட்டு புள்ளி ஒன்று ஆறு ஆறு."

வாசலில் பேச்சு நின்றது. அரவை மிஷின் சத்தம் மட்டும் கேட்டது.

"அது இன்னா பாப்பா கழித்தலு?" என்றார் சடையன்.

"ஈரக் கழிவுங்க. அரைப் பாயிண்ட்டு. இன்னியிலேர்ந்து எல்லா லோடுக்கும்."

சடையன் லாரிக்குப் போய் ஒரு கிழங்கை எடுத்து வந்தார். முழங்கால்மேல் வைத்து உடைத்தார். காய்ந்த மண் உதிர்ந்தது. இரண்டு துண்டையும் சன்னல் விளிம்பில் வைத்தார். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வரிசையில் பின்னால் நின்ற இரண்டு லாரிகள் ரிவர்ஸ் எடுத்து ரோட்டுக்குப் போயின. ராஜாங்கம் வெளியே வந்து கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். அஜித்குமார் தண்ணீர்த் தொட்டிக்குள் ரொம்ப நேரம் குனிந்தே இருந்தான், ஆனால் அவன் தோள் குலுங்கியதைப் பார்த்தால் சிரிக்கிறான் என்று தெரிந்தது.

மத்தியானம் முதலாளி வந்தார். அவர் கோபப்படவே இல்லை. ஈரக் கழிவு கிடையாது என்று எல்லோர் காதிலும் விழும்படி அறிவித்தார். தமிழ்மொழி கழித்ததைத் திரும்பக் கூட்டினாள். மிஷினக்கா அதையும் சொன்னது. சடையன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். முதலாளியைக் கும்பிட்டாரா, மிஷினக்காவைக் கும்பிட்டாரா என்று கேட்டால் அவருக்கே தெரிந்திருக்காது. முதலாளி உள்ளே வந்து, மேசைமேல் இருந்த ஸ்பீக்கரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார். "நல்ல புள்ள," என்று ராஜாங்கத்திடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

பங்குனி பிறந்ததும் சேலத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். எடைமேடையிலிருந்து ஒரு ஒயரை நேராக ஆபீஸுக்குள் இழுத்தார்கள். சுவரில் இருந்த சிவப்பு எண் பெட்டியைக் கழற்றி உள்ளறையில் மாட்டினார்கள். தண்ணீர்த் தொட்டித் தராசுக்குப் பதிலாக ஒரு எலக்ட்ரானிக் தராசு வந்தது. அதுவும் உள்ளறையில்தான், லாரியிலிருந்து எடுக்கும் கிழங்கை அங்கே கொண்டுபோய்ப் போடுவார்கள். யாரும் கத்த வேண்டாம், யாரும் தட்ட வேண்டாம். கிழங்கை இறக்கி, காலி லாரி மேடையேறியதும் சீட்டு தானாக வெளியே வரும்.

அவர்கள் போன பிறகு தமிழ்மொழி அந்தப் புதுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்த்தாள். தன் பென்டிரைவைச் செருகி, பேசும் மென்பொருளை ஓடவிட்டாள். எந்த விசையைத் தட்டினாலும் சத்தமே இல்லை. அஜித்குமார் பக்கத்தில் நின்றான்.

"ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குதா?"

"இல்லண்ணா. அந்தப் பழசு பொத்தான்னாவது சொல்லுச்சு."

"உன்ன வேலைய வுட்டு அனுப்பலம்மா," என்றார் ராஜாங்கம். அவர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரியப்போவதில்லை. ஆனாலும் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சீசன் முடியற வரைக்கும் அம்மா கூட கொட்டாயில இரு. அப்பறம் பாக்கலாம்."

அன்று மாலை பஸ்ஸில் இருசம்மாள்தான் அழுதாள். மகள் அழவில்லை. "கத்தி புடிக்கச் சொல்லித் தாம்மா. வூட்ல குந்தறதுக்கு இது தேவல," என்றாள்.

கிழங்கின் நுனியை இடது கையால் தடவிப் பார்த்து, தோலில் கத்தியால் நீளமாக ஒரு கோடு இழுத்து, கட்டை விரலை அந்தக் கோட்டுக்குள் நுழைத்தால் தோல் முழுசாகக் கழன்று வரும். அதற்குக் கண் தேவையில்லை. மூன்றாவது நாளே மற்றவர்களுக்குச் சமமாகச் சீவினாள் தமிழ்மொழி. விரல்களில் மட்டும் அங்கங்கே துணி சுற்றியிருந்தது. கொட்டகையில் வேலை செய்கிறவர்கள் போனை கேட் ரூமில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பதால், அச்சடித்த தாளைப் படித்துச் சொல்லும் அவள் போனும் அங்கேதான் இருந்தது.

வெயில் ஏறிய நேரம். மலையிலிருந்து சடையனின் கடைசி லோடு வந்திருந்தது. லாரி மேடையில் ஏறி நின்றதும் வழக்கம்போலச் சன்னலோரம் போய் நின்றார். உள்ளே அஜித்குமார் புதுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். அவன் வாயைத் திறக்கவில்லை. சடையன் காத்திருந்தார். பின்னால் இருந்தவர்கள், "லாரிய எடுப்பா, போட்டாச்சு," என்றார்கள். எடை போட்டாயிற்றா என்று அவருக்குப் புரியவில்லை. ஆட்கள் லாரியின் பின்பலகையைத் தட்டிவிட்டுக் கிழங்கை இறக்கினார்கள். வாசலில் கிடந்த பெரிய குவியலோடு அது சரசரவென்று கலந்தது. எது அவர் கிழங்கு, எது மற்றவர் கிழங்கு என்று இனி யாராலும் பிரிக்க முடியாது.

காலி லாரி மேடையேறி இறங்கியதும் சன்னல் வழியாகச் சீட்டு வெளியே வந்தது. வழவழப்பான தாள், நெருக்கமான இங்கிலீஷ் எழுத்து. சடையன் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு யாரிடமோ கேட்டுக்கொண்டு தோல் சீவும் கொட்டகைக்கு வந்தார். பெண்கள் கத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள்.

"பாப்பா," என்று அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "நீ இங்கயா கீற? அங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க. இது சரியா போட்டுக்கீறாங்களான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லு."

சீட்டை அவள் முகத்துக்கு நேராக நீட்டினார்.

தமிழ்மொழி கத்தியைக் கீழே வைத்தாள். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு அந்தத் தாளை வாங்கினாள். இரண்டு கையாலும் பிடித்து, கட்டை விரலால் ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் தடவினாள்.

"மொத்த எடை எவ்ளோன்னு சொன்னாங்க?"

"சொல்லலியே."

"மூணு பாயிண்டு? மேலே, நடுவுல, அடியில?"

"எத்தயும் சொல்லல பாப்பா."

கணக்குப் போட அவள் விரல்கள் தயாராக இருந்தன. போடுவதற்கு ஓர் எண்கூட அவரிடம் இல்லை. சீட்டின் ஒரு முனையை அவள் பிடித்திருந்தாள், மறு முனையை அவர் இன்னும் விடவில்லை. அவள் விரல் துணியில் ஊறியிருந்த கிழங்குப் பால் பட்டு அந்த எழுத்துகள் மெல்ல ஊறிக் கலங்கிக்கொண்டிருந்தன. சடையன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் இருவருக்கும் அது தெரியவில்லை. வாசலில் அடுத்த லாரி மேடையேறி ஹாரன் அடித்தது.